கிளாஸ்ரூம் மட்டும் லிஸ்ட்ல இல்லை

எம்.எஸ். அப்ளை பண்ணும் எல்லோரிடமும் ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கும். காலேஜ் பேர், ஃபீஸ், டெட்லைன், ஜி.ஆர்.இ. வேணுமா வேண்டாமா, குளிர் எவ்வளவு. என் ஷீட்டில் போன செமஸ்டர் ஒரு காலம் கூடுதலாகச் சேர்த்தேன்: 'துப்பாக்கி'. ரூம்மேட் பார்த்துட்டு, "மச்சி, நீ படிக்கப் போறியா பார்டருக்குப் போறியா?" என்றான். ரெண்டு நாள் கழித்து அவனே வந்து, "அந்த டெக்சாஸ் காலேஜுக்கு என்ன போட்டிருக்க?" என்று கேட்டான்.

டெக்சாஸுக்கு 'ஆம்'. ஜார்ஜியாவுக்கும் 'ஆம்'. டெக்சாஸ் கதை சின்னது. 2015 ஜூன் மாதம் கவர்னர் கிரெக் அபாட் ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார், முடிந்தது. போடுவாரா மாட்டாரா என்று யாரும் நகம் கடிக்கவில்லை. ஜார்ஜியாவில்தான் கதை இருக்கு. ஒரே கவர்னர், ஒரே விஷயம். 2016-ல் முடியாது என்றார், 2017-ல் கையெழுத்துப் போட்டார். நடுவில் என்ன மாறியது என்று பார்க்கத்தான் நான் உள்ளே போனேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குக் கூட இவ்வளவு படிக்கல.

முதலில் ஒரு விஷயம். கவர்னர் என்றதும் நமக்கு ஒரு படம் மனசில் வரும். அதை அழிச்சிடுங்க. அமெரிக்க மாநில கவர்னர், டெல்லி மாதிரி மேலே இருந்து யாரோ அனுப்பி வைக்கிறவர் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர். செய்யும் வேலையைப் பார்த்தால் நம்ம முதலமைச்சர் மாதிரி. சட்டசபை நிறைவேற்றிய மசோதா அவர் மேஜைக்கு வரும். ஜார்ஜியாவில் கூட்டத்தொடர் முடிந்த பிறகு அவருக்கு 40 நாள் டைம். அதற்குள் கையெழுத்துப் போடலாம், அல்லது வீட்டோ பண்ணி, காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பலாம். ரெண்டும் செய்யாமல் சும்மா இருந்தால்? மசோதா தானாகச் சட்டமாகிவிடும். பீரோவில் பூட்டி வைக்கும் வசதி கிடையாது. (நம்ம ஊரில் அந்த பீரோ சமாச்சாரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன கதை எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்க.) அதனால் அங்கே ஒவ்வொரு வசந்த காலத்திலும் அந்த 40 நாள் ஒரு ரிசல்ட் வெயிட்டிங் மாதிரி ஓடும். போன் பண்ணுகிறவர்கள், மனு கொடுக்கிறவர்கள், வாசலில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: போடுவாரா?

2016-ல் வந்த மசோதாவின் எண் எச்.பி. 859. 21 வயது நிரம்பி, மாநிலத்தின் ஆயுத லைசென்ஸ் வைத்திருப்பவர், அரசுப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்து வரலாம். மாணவர் விடுதி, விளையாட்டு அரங்கம் மாதிரி சில இடங்களில் மட்டும் கூடாது. இதற்குத்தான் 'காம்பஸ் கேரி' என்று பேர்.

கவர்னர் நேதன் டீல் ரிபப்ளிகன் கட்சிக்காரர். மசோதாவை அனுப்பியதும் அவர் கட்சியே. துப்பாக்கிக்கு எதிரானவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. 2014-ல் பார், சர்ச் உட்பட நிறைய இடங்களில் துப்பாக்கியை அனுமதித்த ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். எதிர்த்தவர்கள் அதற்கு 'எல்லா இடத்திலும் துப்பாக்கி' சட்டம் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அப்படிப்பட்டவர் இதற்குப் போடாமல் இருப்பாரா என்றுதான் பலரும் நினைத்திருக்க வேண்டும்.

ஆனால் டீல் 2016 மார்ச்சிலேயே ஒரு குறிப்புக் கொடுத்துவிட்டார். வளாகத்துக்குள் குழந்தைகள் காப்பகம் இருக்கே, அங்கேயும் துப்பாக்கியா? ஆசிரியர் அறைக்குள்ளேயுமா? மாணவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை விசாரணை நடக்கும் அறைக்குள்ளேயுமா? ஸ்கூல் படித்துக்கொண்டே காலேஜ் வகுப்பில் உட்காரும் பசங்க இருக்கும் இடத்திலுமா? இதையெல்லாம் சரி பண்ணுங்கள் என்று கேட்டார். சட்டசபை பண்ணவில்லை. மே 3 அன்று வீட்டோ செய்தார்.

அந்த வீட்டோ அறிக்கையை நான் மூணு தடவை படித்தேன். அரசாங்க அறிக்கை என்றால் தூக்கம் வரும்னு நினைச்சேன், வரல. டீல் நேராக 1824-க்குப் போகிறார். வர்ஜீனியா பல்கலைக்கழகம் திறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால், அக்டோபர் 4, 1824 அன்று அதன் நிர்வாகக் குழு கூடி மாணவர்களுக்கான விதிகளை முடிவு செய்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் தாமஸ் ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மேடிசனும். ஒருவர் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர். இன்னொருவர், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் இரண்டாவது திருத்தத்தை வரைந்தவர். அந்த ரெண்டு பேரும் உட்கார்ந்து போட்ட விதி: வளாகத்துக்குள் மாணவர் எந்த ஆயுதமும் வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கி உரிமை பேசுகிறவர்கள் எப்போதும் தூக்கிப் பிடிக்கும் அதே பெரியவர்களைக் கொண்டே டீல் பதில் சொல்லிவிட்டார். பெரியப்பா பேச்சை எடுத்து அப்பாவை மடக்குகிற மாதிரி.

அந்த 1824 விதிகளைத் தேடிப் படித்தால் இன்னும் சுவாரசியம். சாராயம் கூடாது, வெடிமருந்து கூடாது, வேலைக்காரன் கூடாது, குதிரை கூடாது, நாய் கூடாது, வகுப்பில் புகையிலை கூடாது. அப்படியே நம்ம ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டு. அயர்ன் பாக்ஸும் கெட்டிலும்தான் மிஸ்ஸிங்.

ஆனால் டீல் அறிக்கையில் வராத ஒரு பின்கதை இருக்கு. அதே வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1840-ல் ஜான் டேவிஸ் என்ற சட்டப் பேராசிரியர், வளாகத்தில் கலாட்டா செய்த முகமூடி மாணவன் ஒருவனைப் பிடிக்கப் போனபோது சுடப்பட்டு இறந்தார். ஜெஃபர்சன் எழுதிய விதி அமலில் இருந்த அதே இடத்தில். விதி இருந்தால் போதும் என்று சொல்லும் பக்கமும் இதைக் கணக்கில் எடுக்கணும்.

எதிர்ப்பக்க வாதமும் சும்மா தூக்கிப் போடுகிற மாதிரி இல்லை. அட்லாண்டா நகரின் நடுவில் இருக்கும் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்குள்ளேயே 2015 கடைசியிலும் 2016 தொடக்கத்திலும் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்த சம்பவங்கள் நடந்தன. செமஸ்டருக்குப் படித்துக்கொண்டிருக்கும் பையனிடம் லேப்டாப்பைப் பிடுங்கிப் போனார்கள். திருடன் சட்டத்தைப் படித்துவிட்டு உள்ளே வரல. லைசென்ஸ் வாங்கிய ஒரு 25 வயசுப் பெண் தெருவில் துப்பாக்கியோடு நடக்கலாம், ஆனால் இரவு வகுப்புக்காக வளாகத்தின் கோட்டைத் தாண்டினால் குற்றவாளி. அப்போ ஸ்டேஷனில் இருந்து வகுப்பு வரைக்கும், வகுப்பில் இருந்து வீடு வரைக்கும் அவள் வெறுங்கையோடுதான் போகணும். இது நியாயமான கேள்வி. மசோதாவை ஆதரித்தவர்கள் எல்லோரையும் 'துப்பாக்கிப் பைத்தியம்' என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2017-ல் சட்டசபை மறுபடி அனுப்பியது. இந்த முறை எண் எச்.பி. 280. டீல் கேட்ட விலக்குகள் உள்ளே வந்திருந்தன. மாணவர் விடுதி, ஃபிரட்டர்னிட்டி வீடுகள், விளையாட்டு அரங்கம், குழந்தைகள் காப்பகம், ஆசிரியர் மற்றும் நிர்வாக அலுவலகங்கள், ஒழுங்கு நடவடிக்கை நடக்கும் அறை, ஸ்கூல் மாணவர்கள் பதிவு செய்திருக்கும் வகுப்பு. இங்கெல்லாம் கூடாது. மே 4, 2017 அன்று கையெழுத்துப் போட்டார். ஜூலை 1 முதல் அமல். இந்த முறை அவர் அறிக்கையில் பேசியது ஜெஃபர்சனைப் பற்றி இல்லை. வளாகத்துக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் மாணவர்கள் வெறுங்கையோடு இருப்பார்கள் என்று தெரிந்தே குற்றவாளிகள் குறி வைக்கிறார்கள் என்பதைப் பற்றி.

இங்கேதான் எனக்கு இடிக்குது. 2016-ல் அவர் சொன்ன காரணம் ஒரு கொள்கை: கல்லூரி என்பதே ஆயுதத்துக்கு வெளியே வைக்கப்பட்ட இடம், 200 வருஷமாக. அந்தக் கொள்கை உண்மை என்றால் எந்த அறை, எத்தனை அறை என்ற பேச்சே வராது. 2017-ல் அதுவே ஃப்ளோர் பிளான் ஆகிவிட்டது. இந்த ரூமுக்கு டிக், அந்த ரூமுக்குக் கிராஸ். அரசியல் அப்படித்தான் நடக்கும், கேட்டதைக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும் என்று நம்ம ஆசிரியர் குழுவில் ஒருத்தி சொன்னாள். இருக்கலாம். அதே 2016-ல் மத சுதந்திர மசோதா ஒன்றையும் வீட்டோ செய்து (போட்டால் ஷூட்டிங்கை வேறு ஊருக்கு மாத்திடுவோம் என்று டிஸ்னி அறிவித்த அதே மசோதா) கட்சிக்குள் திட்டு வாங்கியவர். ஒவ்வொரு வருஷமும் சொந்தக் கட்சியோடு சண்டை போட ஒருத்தரால் முடியாதுதான். ஆனாலும் முதல் அறிக்கையை எழுதிய கை ரெண்டாவதில் கையெழுத்துப் போட்டதை என்னால் சுலபமாக ஏத்துக்க முடியல.

லிஸ்ட்டை மறுபடி பாருங்கள். சாதாரண வகுப்பறை இல்லை. நூலகம் இல்லை. சாப்பிடும் இடம் இல்லை. அதாவது ஒரு மாணவர் பகலில் இருக்கும் இடங்களில் பெரும்பாலானவை விலக்கில் வரவில்லை.

சட்டம் அமலுக்கு வரும் முன் பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் ஒரு வழிகாட்டுதல் அனுப்பினார். (அங்கே அவரைத்தான் சான்சலர் என்கிறார்கள்.) எங்கே கொண்டு போகலாம், எங்கே கூடாது என்று தெரிந்துகொள்வது துப்பாக்கி வைத்திருப்பவரின் பொறுப்பு. கல்லூரிகள் அறிவிப்புப் பலகை வைக்காது. துப்பாக்கியைப் பத்திரமாக வைக்க லாக்கரும் தராது. உங்கள் வகுப்பில் ஸ்கூல் பையன் யாராவது இருக்கிறானா என்று ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டத்தை அமல்படுத்துவது போலீஸ் வேலை. மற்ற ஊழியர்கள் யாரும் கண்காணிக்க முயல வேண்டாம். தடை செய்த அறைக்குள் லைசென்ஸ்காரர் கொண்டு போய் மாட்டினால், முதல் தடவைக்குத் தண்டனை 25 டாலர் அபராதம். ஜெயில் கிடையாது. நம்ம லைப்ரரியில் புக்கைத் தொலைத்தால் இதைவிட அதிகம் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், இது அரசுக் கல்லூரிகளுக்கு மட்டும். அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் அரசுக் கல்லூரி, எமரி தனியார். ஒரே ஊர், ஒரே வெயில். ஒன்றில் 'ஆம்', இன்னொன்றில் 'இல்லை'. ஃபீஸ் காலத்தைப் பார்த்தால் எந்தப் பக்கம் போவேன் என்று உங்களுக்கே தெரியும்.

என் பெரியப்பா பொண்ணு ஜார்ஜியாவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பண்ணுகிறாள், கூடவே டீச்சிங் அசிஸ்டன்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் பண்ணி இதையெல்லாம் கேட்டேன்.

"அக்கா, நீ எப்பவாவது பார்த்திருக்கியா?"

"ஒரு தடவை கூட இல்லடா. வெளிய தெரியக் கூடாதுன்னுதானே சட்டமே. இருக்கா இல்லையான்னு தெரியாம இருக்கறதுதான் அங்க நார்மல்."

"பயமா இருக்காதா?"

"தினமும் எல்லாம் இல்ல. மார்க் போட்ட வாரம் மட்டும் கொஞ்சம். ஒருத்தன் வந்து, எனக்கு ஏன் இவ்ளோ கம்மின்னு சத்தம் போடுவான் பாரு, அப்போ அவன் பேக்க ஒரு பார்வை பார்ப்பேன். சும்மா, என்னை அறியாம."

ஆசிரியர் அலுவலகம் விலக்கில் இருக்கே, அங்கே உட்கார்ந்து மார்க் விஷயம் பேசலாமே என்றேன். சிரித்தாள். "எனக்கு ஏதுடா ஆபீஸ்? பிஎச்.டி. பசங்களுக்கு ஒரு மேஜைதான். நான் டவுட் க்ளியர் பண்றது லைப்ரரில, ஜன்னல் ஓர டேபிள்ல."

இதில் சட்டம் வேறு ஒரு விதத்திலும் வேடிக்கையானது. மாணவர் விசாவில் போகிற நம்ம ஆட்கள், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே அமெரிக்க மத்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆக, வகுப்பில் பின் பெஞ்சில் இருக்கும் 22 வயசு உள்ளூர்ப் பையனிடம் இருக்கலாம். போர்டு முன்னால் நிற்கும் அக்காவிடம் இருக்க முடியாது. இருந்திருந்தால் நல்லது என்று சொல்ல வரவில்லை, அவளுக்கு ஊதுபத்தி பற்ற வைக்கவே கை நடுங்கும். 'தற்காப்பு உரிமை' என்று பேசப்பட்ட விஷயத்தில் அந்த அறையில் யார் யார் கணக்கில் வந்தார்கள், யார் வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன். போடுவாரா மாட்டாரா என்று காத்திருந்த 40 நாளிலும் கவர்னருக்கு ஓட்டுப் போட்டவர்களின் சத்தம்தான் கேட்டிருக்கும். விசாக்காரர்களுக்கு ஓட்டு இல்லை.

நான் 21. அவர்கள் சட்டம் சொல்லும் அதே வயசு. என்னோடு நாலு வருஷம் படித்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். வைவாவில் அழுதவன், ப்ரேக்அப் ஆகி மூணு நாள் சாப்பிடாதவன், இன்டர்னல் மார்க்குக்காக லேப் கதவை உதைத்தவன். எல்லோரும் நல்லவர்கள்தான். ஒரு கெட்ட நாள் எல்லோருக்கும் வரும். அந்த நாளில் பையில் என்ன இருந்தது என்பதுதான் வித்தியாசம். கதவை உதைத்தவனுக்குக் கால் விரல் வீங்கியது, அவ்வளவுதான்.

வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தபோது நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம் நடந்தது. அம்மாவுக்கு இதில் ஒரு பகுதி ஏற்கெனவே தெரிந்திருந்தது. அம்மாவின் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். "நம்ம கரட்டடிபாளையத்து வாத்தியாரு ஒருத்தரு அமெரிக்காவுல காலேஜுக்குள்ளயே செத்துப் போனாரே, அந்த விசயமா கண்ணு?" என்று கேட்டார்.

ஜி.வி. லோகநாதன். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. டெக்கில் சிவில் படித்தவர். பிறகு ஐ.ஐ.டி. கான்பூர், பிறகு பர்டூ. வர்ஜீனியா டெக்கில் 25 வருஷத்துக்கும் மேலாகப் பாடம் நடத்தியவர். நாம் இப்போது போட நினைக்கிற அதே ரூட். ஏப்ரல் 16, 2007 காலை நாரிஸ் ஹால் 206-ஆம் அறையில் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அன்று அந்த வளாகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். லோகநாதன் அதில் ஒருவர். எனக்கு அப்போ மூணு வயசு கூட ஆகல. அம்மா மாதிரி பலருக்கு அது இன்னும் ஊர்ச் செய்தி.

காம்பஸ் கேரியை ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் இதே நாளைத்தான் காட்டுகிறார்கள். அந்த வகுப்பில் ஒருவரிடமாவது துப்பாக்கி இருந்திருந்தால் என்று ஒரு பக்கம். காம்பஸ் கேரி கேட்கும் மாணவர் அமைப்பு ஒன்று தொடங்கியதே அந்த வருஷம்தான். இன்னொரு பக்கம், அவனுக்குத் துப்பாக்கி எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறது. மனநலம் தொடர்பாக நீதிமன்ற உத்தரவு இருந்த ஒருவன், கடையில் காசு கொடுத்து, பின்னணிச் சோதனையில் பாஸாகி வாங்கினான்; அந்த உத்தரவு மத்திய அரசின் பட்டியலுக்குப் போகவே இல்லை. ரெண்டே வாரத்தில், ஏப்ரல் 30 அன்று, வர்ஜீனியா கவர்னர் டிம் கெய்ன் அந்த ஓட்டையை அடைக்க ஒரு ஆணை போட்டார். கையெழுத்து எவ்வளவு வேகமாக விழ முடியும் என்பதற்கு இதுவும் ஒரு உதாரணம். 32 பேர் போன பிறகு.

எனக்கு ரெண்டாவது பக்கம்தான் சரி என்று படுகிறது. 206-ஆம் அறையில் மழை நீர் எப்படி ஓடும் என்று போர்டில் எழுதிக்கொண்டிருந்தவரும் நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர்களும் சில நொடிகளில் துப்பாக்கி வீரர்களாக மாறியிருப்பார்கள் என்று என்னால் நினைக்க முடியல. யாராவது ஒருத்தர் அப்படி மாறியிருந்தால் என்று கேட்கிறவரிடம் என்னிடம் நிரூபணம் ஒன்றும் இல்லை.

ஜார்ஜியா அதோடு நிற்கவில்லை. ஏப்ரல் 12, 2022 அன்று அடுத்த கவர்னர் பிரையன் கெம்ப் இன்னொரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், டக்ளஸ்வில் என்ற ஊரில் ஒரு துப்பாக்கிக் கடையில் வைத்து. அதன்படி, லைசென்ஸ் வாங்கத் தகுதி இருந்தால் போதும், லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. டீல் பேசிய காலத்தில் 'லைசென்ஸ் வைத்திருப்பவர்' என்பது பெரிய உத்தரவாதமாகச் சொல்லப்பட்டது. கைரேகை கொடுத்தவர், சோதிக்கப்பட்டவர், நம்பலாம் என்றார்கள். அஞ்சு வருஷத்தில் அது தேவையில்லாத காகிதமாகிவிட்டது. அறைகளின் லிஸ்ட் மட்டும் அப்படியே இருக்கு.

இதையெல்லாம் ஒரு ராத்திரி அம்மாவுக்குச் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே முழுசாகக் கேட்டார். 1824, வீட்டோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். லிஸ்ட்டைச் சொன்னபோதுதான் கை நின்றது.

"அப்போ வாத்தியாரு உட்கார்ற ரூமுக்குள்ள கொண்டுட்டுப் போகக் கூடாது. பாடம் நடத்தற ரூமுக்குள்ள கொண்டுட்டுப் போலாம். அப்படியா கண்ணு?"

"ஆமாம்மா," என்றேன். "அப்படித்தான் எழுதியிருக்கு."